தாயைப் பார்த்துக் குட்டியை எடு

மெல்பர்னின் மேற்குப் புறநகர்களில் சாயங்காலம் எந்தப் பூங்காவுக்குப் போனாலும் சுருட்டை முடி நாய்கள் நாலைந்தாவது கண்ணில் படும். டெடி பொம்மைக்கு உயிர் வந்த மாதிரி ஓடும். என்ன நாய் என்று கேட்டால் ஒருவர் கவூடுல் என்பார், அடுத்தவர் குரூடுல் என்பார், இன்னொருவர் மூடுல் என்பார். எல்லாமே கலப்பு நாய்கள். ஒரு பக்கம் சுருட்டை முடிப் பூடுல், மறுபக்கம்தான் மாறும். கவாலியர் கிங் சார்ல்ஸ் ஸ்பானியல் சேர்ந்தால் கவூடுல், மால்டீஸ் சேர்ந்தால் மூடுல், காக்கர் ஸ்பானியல் சேர்ந்தால் ஸ்பூடுல், லாப்ரடார் சேர்ந்தால் லாப்ரடூடுல். கோல்டன் ரெட்ரீவர் சேர்ந்தால் இங்கே குரூடுல், அமெரிக்காவில் அதையே கோல்டன்டூடுல் என்கிறார்கள்.

நம்மவர்கள் வீடுகளில் நாய் வாங்கும் பேச்சு எழுந்தால் பெரும்பாலும் இந்தப் பட்டியலில்தான் வந்து நிற்கிறது. காரணம் கேட்டால் எல்லோரும் சொல்வது ஒரே மூன்று வரி: முடி கொட்டாது, அலர்ஜி வராது, குழந்தைகளோடு நன்றாக இருக்கும். எங்கள் வீட்டுக்குள்ளும் அந்த மூன்று வரிகளோடுதான் பேச்சு நுழைந்தது. மகள் பள்ளித் தோழி வீட்டில் ஒரு கவூடுலைப் பார்த்துவிட்டு வந்து ஆரம்பித்தாள். என் கணவருக்குத் தூசி, பூனை, நாய் எது கிட்டே வந்தாலும் தும்மல் என்பதால் அதுவரை நாய்ப் பேச்சுக்கே இடமில்லாமல் இருந்தது. "அப்பா, இந்த நாய்க்கு அலர்ஜியே வராதாம்" என்ற ஒரு வரியில் அந்தக் கதவு திறந்துகொண்டது.

இப்போது எங்களிடம் இருப்பது ஒரு கவூடுல். பெயர் முறுக்கு, மகள் வைத்தது. அவன் வந்த பிறகு கோயிலில், பிறந்தநாள் விழாவில், வாட்ஸ்அப்பில் என்று யாராவது விசாரித்துக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்த அலர்ஜி விஷயம். லாப்ரடூடுல் என்ற நாய் உலகப் புகழ் பெற்றதே மெல்பர்ன் இருக்கும் இந்த விக்டோரியா மாநிலத்திலிருந்துதான். 1980களின் பிற்பகுதியில் இங்கிருந்த வழிகாட்டி நாய் அமைப்பில் இனப்பெருக்கப் பொறுப்பில் இருந்தவர் வாலி கான்ரன். ஹவாயிலிருந்து பார்வையற்ற ஒரு பெண்மணி அவருக்கு எழுதினார். தனக்கு வழிகாட்டி நாய் வேண்டும், ஆனால் கணவருக்கு நாய் முடி ஒத்துக்கொள்ளாது என்று. கான்ரன் முதலில் பெரிய ரக பூடுல்களைப் பழக்கிப் பார்த்தார். மூன்று வருடங்களில் முப்பதுக்கும் மேற்பட்ட பூடுல்கள், ஒன்றுகூட வேலைக்கு ஆகவில்லை. அப்புறம்தான் லாப்ரடாரையும் பூடுலையும் சேர்த்தார். மூன்று குட்டிகள் பிறந்தன. மூன்றின் முடியையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பி அந்தக் கணவரிடம் சோதித்தார்கள். ஒரே ஒரு குட்டிதான் அவருக்கு ஒத்துப்போனது. சுல்தான் என்று பெயரிடப்பட்ட அந்த நாய் ஹவாய்க்குப் போய் நல்லபடியாக வேலை செய்தது.

இந்தக் கதையைச் சொல்லி நாய் விற்கிறவர்கள் நிறையப் பேர். ஒரே தாய்க்குப் பிறந்த மூன்றில் இரண்டு தேறவில்லை என்ற பாதியை மட்டும் விட்டுவிடுவார்கள். கான்ரனே பிற்காலத்தில், 2019இல் ஒரு பேட்டியில், இதை ஆரம்பித்து வைத்ததற்காக வருந்துவதாகச் சொன்னார். அவர் பெயரைக் கெடுக்காமல் நல்லபடியாக நாய் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் கண்மூடித்தனமாகக் குட்டி போட வைக்கிறவர்கள்தான் அதிகம் என்பது அவர் ஆதங்கம்.

நம்மைத் தும்ம வைப்பது நாயின் முடி இல்லை. நாயின் எச்சிலிலும் தோலிலிருந்து உதிரும் செதிளிலும் இருக்கும் புரதங்கள். முடி கொட்டாவிட்டாலும் நாய் நக்கத்தான் செய்யும், தோல் உதிரத்தான் செய்யும். 2011இல் அமெரிக்காவில் வீடுகளின் தூசியை எடுத்துப் பார்த்த ஆய்வில், அலர்ஜி தராது என்று பெயர் வாங்கிய நாய்கள் இருந்த வீட்டுக்கும் மற்ற நாய்கள் இருந்த வீட்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அடுத்த வருடம் நெதர்லாந்தில் நடந்த ஆய்வில் பூடுல், லாப்ரடூடுல் முடியில் அந்தப் புரதம் மற்ற நாய்களைவிடக் கூடுதலாகவே இருந்தது. ஆக, "அலர்ஜி வராது" என்று குட்டி போட வைத்து விற்கும் எந்த பிரீடர் அடித்துச் சொன்னாலும் அவர் சொல்வதில் மற்றதையும் கொஞ்சம் தள்ளுபடி செய்து கேட்பது நல்லது.

அதற்காக ஆசையை விட்டுவிட வேண்டியதில்லை. ஒருவருக்கு ஒரு நாய் ஒத்துக்கொள்ளாது, அதே ரகத்தில் இன்னொன்று ஒத்துக்கொள்ளும். நாங்கள் செய்தது இதுதான். முதலில் என் கணவர் அலர்ஜி மருத்துவரிடம் போய்த் தோல் சோதனை செய்துகொண்டார். நாய்க்கு மிதமான அலர்ஜி, தூசிப் பூச்சிக்குத்தான் பெரிய அலர்ஜி என்று வந்தது. வீட்டிலிருந்த பழைய கம்பளத்தை எடுத்து எறிந்ததிலேயே பாதித் தும்மல் நின்றது என்பது தனிக் கதை. அப்புறம் மகளின் தோழி வீட்டுக்கு வார இறுதிகளில் போய், அந்த நாயை மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தார். பத்து நிமிடம் கொஞ்சிவிட்டு வருவது சோதனை ஆகாது. ஜன்னல் சாத்திய அறையில், அந்த நாய் புரளும் சோபாவில், மணிக்கணக்கில் இருக்க வேண்டும். மறுநாள் காலை கண்ணும் மூக்கும் எப்படி இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். ஆஸ்துமா இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

அடுத்தது முடி. இதில்தான் பெரும்பாலான குடும்பங்கள் திணறுகின்றன. அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முடி கொட்டாது என்பது ஓரளவு உண்மை. முறுக்கு வந்த பிறகு எங்கள் கறுப்புச் சோபாவில் முடி ஒட்டியதில்லை. ஆனால் உதிர்ந்த முடி எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. அது நாயின் மேலேயே, சுருளுக்குள் சிக்கி நிற்கிறது. தினமும் சீவி எடுக்காவிட்டால் அடிமுடியோடு பின்னிக்கொண்டு சிக்கு விழுகிறது. காதுக்குப் பின்னால், முன்னங்கால் அக்குளில், கழுத்துப் பட்டை உரசும் இடத்தில், வாலடியில் முதலில் ஆரம்பிக்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மேல் முடி பஞ்சு மாதிரி மிதந்துகொண்டிருக்கும், அடியில் தோலை ஒட்டிக் கம்பளி விரித்த மாதிரி இறுகிப்போயிருக்கும். நாய்க்கு ஒவ்வொரு அசைவுக்கும் தோல் இழுபடும்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் குரூடுல் வாங்கியது. தினமும் பிரஷ் போட்டார்கள், பொய் சொல்லவில்லை. ஆனால் மேலாக மட்டும். ஏழெட்டு மாத வாக்கில் குட்டி முடி போய்ப் பெரிய நாயின் முடி வரும் பருவத்தில் இரண்டும் பின்னிக்கொண்டு, நாய்க்கு முடி வெட்டிவிடும் குரூமரிடம் போனபோது அவர் சீப்பை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். முழுக்கச் சிரைத்து எடுப்பதைத் தவிர வழியில்லை என்றார். உரித்தெடுத்த முடி ஒரே துண்டாக, ஒரு சின்னப் பாயைப்போலத் தரையில் கிடந்ததாம். இந்தக் கதையை நான் அத்தையிடம் (மதுரையிலிருந்து வந்து எங்களோடு சில மாதங்கள் இருந்தார்) சொன்னேன். "இம்புட்டுக் காசு குடுத்து வாங்குனதுக்கு மொட்டை அடிச்சுக்கிட்டு வந்துருக்காக" என்றார். அப்புறம், "வெயில் காலத்துல அது நல்லதுதானேம்மா" என்றும் சொன்னார். கோடையில் குட்டையாக வெட்டுவதைப் பல குரூமர்களும் ஆதரிக்கிறார்கள். ஆனால் வெட்டுவது வேறு, சிக்கு தாங்காமல் ஒட்டச் சிரைப்பது வேறு.

சீவுகிற முறையைக் காட்டுகிறேன். வளைந்த கம்பிப் பற்கள் கொண்ட ஸ்லிக்கர் பிரஷ் ஒன்று, இரும்புச் சீப்பு ஒன்று வேண்டும். நாயைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, இடது கையால் முடியை மேல்நோக்கி ஒதுக்கிப் பிடித்தால் தோல் ஒரு கோடாகத் தெரியும், நாம் தலைக்கு வகிடு எடுப்பது போல. அந்தக் கோட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக முடியைக் கீழே விட்டு அடியிலிருந்து நுனிவரை பிரஷ் போட வேண்டும். முடிந்ததும் அதே இடத்தில் சீப்பு. சீப்பு தடையில்லாமல் தோலிலிருந்து வெளியே வந்தால்தான் அந்த இடம் முடிந்தது என்று அர்த்தம். சிக்கு இருக்கும்போது குளிப்பாட்டவே கூடாது, நனைந்து காய்ந்தால் இன்னும் இறுகிவிடும். சீவிவிட்டுத்தான் தண்ணீர். மகளுக்கு எண்ணெய் வைத்துச் சடை பின்னிவிட்ட கைகளுக்கு இதெல்லாம் சுலபமாக வந்துவிடும் என்று நினைத்தேன், ஓரளவு வந்தது. அவளைவிட முறுக்கு பொறுமையாகவே உட்காருவான்.

இதற்கு மேல் ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை குரூமர். எங்கள் பக்கம் சின்ன நாய்க்கே ஒவ்வொரு முறையும் நூறு டாலரை ஒட்டி ஆகிறது, பெரிய குரூடுலுக்கு இன்னும் கூடும். நாயின் ஆயுள் பன்னிரண்டு, பதினான்கு வருடம் என்று பெருக்கிப் பார்த்தால் குட்டிக்குக் கொடுத்த விலை சின்னதாகத் தெரியும். குட்டி தேட ஆரம்பிக்கும் முன்பே பக்கத்தில் இருக்கும் ஒரு குரூமரிடம் போய்ப் பேசுங்கள் என்பது நான் எல்லோருக்கும் சொல்லும் யோசனை. எந்தக் கலப்புக்கு எப்படி முடி வருகிறது, எந்த நாய்கள் மேசையில் கடிக்கின்றன, எந்த பிரீடரிடமிருந்து வந்த குட்டிகள் அமைதியாக நிற்கின்றன என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. நாங்கள் பேசிய குரூமர் ஒரு நாயின் காதைத் தூக்கிக் காட்டினார். உள்ளே முடி அடைத்து, ஈரம் தங்கி, புளித்த வாடை அடித்தது. தொங்கும் காதும் அடர்த்தியான முடியும் சேர்ந்தால் காதில் தொற்று வர வசதியாகிவிடுகிறது. வாரம் ஒருமுறை காதை முகர்ந்து பார்ப்பது அன்றிலிருந்து எங்களுக்குப் பழக்கம்.

விளம்பரங்களில் எஃப்1, எஃப்1பி என்று போட்டிருப்பார்கள். எஃப்1 என்றால் ஒரு பக்கம் முழுப் பூடுல், மறுபக்கம் முழுக் கவாலியரோ லாப்ரடாரோ. அந்த எஃப்1 நாயைத் திரும்பவும் பூடுலோடு சேர்த்தால் எஃப்1பி. பூடுல் பங்கு கூடக் கூடச் சுருள் கூடும், முடி கொட்டுவது குறையும், சீவும் வேலை ஏறும். எஃப்1 குட்டிகளில் ஒன்றுக்கு அலை முடி, ஒன்றுக்கு நேர் முடி, ஒன்று லாப்ரடார் மாதிரியே முடி கொட்டும் என்று எப்படியும் அமையலாம். எட்டு வாரக் குட்டியின் முடியைப் பார்த்து வளர்ந்தபின் எப்படி இருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அளவும் அப்படித்தான். பூடுலில் டாய், மினியேச்சர், ஸ்டாண்டர்ட் என்று வெவ்வேறு அளவுகள் உண்டு, எந்தப் பூடுல் தகப்பன் என்று கேட்காமல் "மினி" என்ற சொல்லை மட்டும் நம்பக் கூடாது.

கலப்பு நாய் என்றால் ஆரோக்கியம் கூடுதல் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. லண்டனின் ராயல் வெட்டரினரி காலேஜ் 2024இல் காக்கபூ (இங்கே ஸ்பூடுல்), லாப்ரடூடுல், கவபூ (கவூடுலுக்கு பிரிட்டனில் உள்ள பெயர்) மூன்றையும் அவற்றின் பெற்றோர் ரகங்களோடு ஒப்பிட்டது. பெரும்பாலான நோய்களில் வித்தியாசமே இல்லை. கலந்ததால் கெட்டுப்போகவும் இல்லை, காப்பாற்றப்படவும் இல்லை. அப்பா அம்மாவுக்கு என்ன இருக்கிறதோ அதுதான்.

அதனால்தான் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்கிறேன். அத்தை இதை வேறு மாதிரி சொன்னார். தாயைப் பார்த்துப் பெண்ணை எடு, பாலைப் பார்த்துப் பசுவை வாங்கு என்று. கல்யாணத்துக்குச் சொன்னதை நாய்க்குச் சொல்கிறாரே என்று கணவர் சிரித்தார், ஆனால் வெட் (கால்நடை மருத்துவர்) சொன்னதும் அதுவேதான்.

கவாலியருக்குப் பெரிய கவலை இதயம். மைட்ரல் வால்வு நோய் அந்த ரகத்தில் மிகப் பரவலாக இருக்கிறது, பல நாய்களுக்கு இளம் வயதிலேயே ஆரம்பிக்கிறது. மண்டை ஓடு சிறுத்து முதுகுத்தண்டில் நீர் கோக்கும் சிரிங்கோமைலியாவும் உண்டு. சின்னப் பூடுல்களுக்கு முழங்கால் சில்லு விலகுவது, பார்வை படிப்படியாகப் போவது. லாப்ரடார், கோல்டன், பெரிய பூடுல் என்றால் இடுப்பு மூட்டு. இவற்றில் பார்வைக் கோளாறு போன்ற சிலவற்றுக்கு டிஎன்ஏ சோதனை இருக்கிறது. இதயத்துக்கு அது போதாது, தாய் தகப்பனை வெட் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு, தேவைப்பட்டால் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்து, வருடா வருடம் பார்த்திருக்க வேண்டும். "டிஎன்ஏ கிளியர்" என்று ஒரு தாளை நீட்டினால் நன்றி சொல்லிவிட்டு, "இதயப் பரிசோதனைக் கடிதம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு ஒருவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

நாங்கள் பேசியவர்களில் ஒருவர் நடுவழியில் ஒரு கடையின் வண்டி நிறுத்துமிடத்துக்குக் குட்டியைக் கொண்டுவருவதாகச் சொன்னார். வீடு தூரம், உங்களுக்கு ஏன் சிரமம் என்றார். தாயைப் பார்க்க வேண்டும் என்றோம். தாய் இப்போது வேறு வீட்டில் இருக்கிறது என்றார். குட்டிக்கு ஆறு வாரம்தான் ஆகிறது, தாய் ஏன் வேறு வீட்டில் இருக்கிறது? பேச்சை அத்தோடு முடித்துக்கொண்டோம். இன்னொருவர் முன்பணம் முழுவதையும் அன்றே கேட்டார், இல்லையென்றால் குட்டி போய்விடும் என்று. கோவிட் காலத்தில் வீட்டுக்கு வீடு நாய் தேடியபோது இல்லாத குட்டிக்குப் படம் போட்டுப் பணம் பறித்தவர்கள் நிறைய. மோசடிப் புகார்களைக் கவனிக்கும் அரசின் ஸ்கேம்வாட்ச் 2020இல் இதைப் பற்றி எச்சரித்தபோது அதிகம் புகார் வந்த ரகங்களில் கவூடுலும் இருந்தது. நேரில் பார்க்காமல் ஒரு டாலர்கூட அனுப்ப வேண்டாம்.

விக்டோரியாவில் வாங்குகிறவர்களுக்குச் சட்டம் கொஞ்சம் துணை நிற்கிறது. 2018 ஜூலையிலிருந்து செல்லப்பிராணிக் கடைகளில் பிரீடர்களின் நாய்க்குட்டிகளை விற்க முடியாது, காப்பகங்களிலிருந்து வரும் நாய்களை மட்டுமே விற்கலாம். 2019 ஜூலையிலிருந்து நாயை விற்க விளம்பரம் போடுகிறவர் நாயின் தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப்பின் எண்ணையும், பெட் எக்ஸ்சேஞ்ச் ரெஜிஸ்டர் என்ற மாநில அரசின் பதிவேட்டில் வாங்கிய சோர்ஸ் நம்பரையும் அதில் போட்டாக வேண்டும். அந்த எண்ணை நாமே அந்தத் தளத்தில் தட்டிப் பார்க்கலாம். எண் இருப்பதாலேயே நல்ல பிரீடர் என்று ஆகிவிடாது, ஆனால் எண் இல்லாதவரிடம் மேற்கொண்டு பேச வேண்டிய அவசியம் இல்லை. எட்டு வாரம் முடியாமல் குட்டியைக் கையில் கொடுக்கிறேன் என்பவரிடமும் அப்படியே.

கடைசியில் நாங்கள் வாங்கிய பிரீடர் முதல் தொலைபேசியில் எங்களைத்தான் விசாரித்தார். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், வேலி எவ்வளவு உயரம், குழந்தைகளுக்கு என்ன வயது, ஊருக்குப் போனால் நாயை யார் பார்ப்பார்கள். பெண் பார்க்க வந்த மாதிரி இருந்தது, கொஞ்சம் கோபம்கூட வந்தது. டிசம்பரில் ஐந்து வாரம் இந்தியா போவோம் என்றதும் அதற்கு என்ன ஏற்பாடு என்று விடாமல் கேட்டார். நல்ல கேள்வி. நம் குடும்பங்களில் நாய் வாங்கும்போது யாரும் யோசிக்காத கேள்வி. ஐந்து வாரத்துக்குக் காப்பகக் கட்டணம் ஒரு விமான டிக்கெட் அளவுக்கு வரும். நாங்கள் இப்போது இன்னொரு கவூடுல் குடும்பத்தோடு மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்கிறோம்.

அவர் வீட்டுக்குப் போனபோது தாய்நாய் வாசலுக்கு வந்து எங்களை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போய்த் தன் இடத்தில் படுத்தது. குரைக்கவில்லை, ஒளியவும் இல்லை. குட்டிகள் சமையலறையை ஒட்டிய அறையில் இருந்தன. மிக்ஸி மாதிரி ஏதோ ஓடியது, ஒரு குட்டி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கியது. கொட்டகையில் வளர்ந்த குட்டிக்கு இந்தச் சத்தங்கள் எல்லாம் நம் வீட்டுக்கு வந்த பிறகுதான் அறிமுகமாகும், பயமும் அப்போதுதான் வெளியே வரும். மகளுக்கு ஓடி வந்து ஷூ கயிற்றைக் கடித்த குட்டியைத்தான் பிடித்தது. பிரீடர் சிரித்துக்கொண்டே, அது உங்கள் வீட்டில் யாரையும் உட்கார விடாது, உங்களைப் போலச் சின்னப் பையன் இருக்கும் வீட்டுக்கு இவன் பொருத்தம் என்று, சற்றுத் தள்ளி நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த இன்னொருவனைத் தூக்கிக் கொடுத்தார். மல்லாக்கப் பிடித்தபோது கொஞ்சம் நெளிந்துவிட்டு அடங்கினான். எட்டு வாரமும் கூட இருந்து பார்த்தவர் சொல்வதைக் கேட்பது அரை மணி நேரம் பார்த்த நாம் நிறம் பார்த்து எடுப்பதைவிட மேல். என் கணவர் வழக்கம்போலத் தாய் நாயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு தும்மல், அவ்வளவுதான்.

விலையைப் பற்றிச் சென்னையில் இருக்கும் என் தம்பிக்கு இன்னும் ஆறவில்லை. ஜாதி நாய் என்றால் விலை, கிராஸ் என்றால் சும்மாவே தருவார்கள் என்பது அவன் கணக்கு. "மூவாயிரம் டாலர் குடுத்து கிராஸ் வாங்குன ஒரே ஆள் நீதான்க்கா" என்கிறான். அவன் கேள்வியில் நியாயம் இருக்கிறது. காப்பகங்களிலும் பூடுல் கலப்பு நாய்கள் அவ்வப்போது வருகின்றன, வந்த வேகத்தில் போய்விடுகின்றன. இரண்டு மூன்று வயதான நாயாக எடுத்தால் முடி எப்படி, அளவு எவ்வளவு, குழந்தைகளிடம் எப்படி நடந்துகொள்ளும் என்று எல்லாமே கண் முன்னால் இருக்கும், குட்டியிடம் ஊகம்தான். அலர்ஜி உள்ள வீட்டுக்கு இது இன்னும் நல்ல வழி என்றே எனக்குத் தோன்றுகிறது. சில வாரங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்ய அனுமதிக்கும் இடங்களும் உண்டு, கேட்டுப் பார்க்கலாம்.

பூடுல் சோம்பேறி நாய் இல்லை. வேட்டையில் சுடப்பட்டுத் தண்ணீரில் விழும் வாத்தை நீந்திப் போய் எடுத்துவர வளர்க்கப்பட்ட ரகம், மூளைக்கு வேலை கேட்கும். கவாலியர் ஆள் மடியிலேயே இருக்கப் பிறந்தது. இரண்டும் சேர்ந்தால், நம்மை விட்டு நகராத, அதே சமயம் சும்மா இருக்கத் தெரியாத ஒன்று வீட்டில் நடமாடும். தனியாக விட்டால் ஊளையிடும் கவூடுல்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு. முதல் வாரத்திலிருந்தே ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று தனியே விட்டுப் பழக்குவது அவசியம். வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் இதைத் தள்ளிப்போடுவார்கள், அலுவலகம் திரும்ப அழைக்கும்போது மாட்டிக்கொள்வார்கள்.

அத்தைக்குப் பூஜை அறைதான் கவலை. குழந்தைகளுக்கு வைத்திருந்த பழைய கதவுத் தடுப்பைத் தூசி தட்டி அங்கே மாட்டினோம், பிரச்சினை முடிந்தது. சமையலறைதான் உண்மையான ஆபத்து. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும், வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. நம் வீட்டில் சாம்பாரோ, கறிக்குழம்போ, தொட்டுக்கொள்ளும் சட்னியோ இந்த இரண்டும் இல்லாமல் எது இருக்கிறது? "ரசஞ்சோறுதானே, ஒரு வாய் திங்கட்டும்" என்ற அன்பைத் தடுக்கத்தான் பெரும்பாடு. திராட்சை, உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும், பாயசத்திலும் கேசரியிலும் கிடக்கும் ஒன்றிரண்டுகூட வேண்டாம். கறிக்குழம்பில் வெந்த எலும்பு உடைந்து குடலில் குத்தும். மாங்கொட்டை அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சைதான். அத்தைக்கு ஒரு வழி கண்டுபிடித்தோம். உப்பில்லாமல் வேகவைத்த கேரட்டும், வெறும் சோறும், துளி தயிரும் கலந்து ஒரு கிண்ணத்தில் அவர் கையாலேயே வைப்பார். ஊருக்குத் திரும்பிய பிறகு வீடியோ அழைப்பில் பேரனுக்கு முன்னால் "முறுக்கு சாப்பிட்டானா?" என்ற விசாரணைதான் வருகிறது.

காகித வேலைகள் கொஞ்சம் இருக்கின்றன. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் கவுன்சிலில் (உள்ளாட்சி மன்றத்தில்) பதிய வேண்டும், விக்டோரியாவில் வருடா வருடம் ஏப்ரல் 10ஆம் தேதிக்குள் புதுப்பிக்க வேண்டும். மைக்ரோசிப்பை பிரீடர் பெயரிலிருந்து நம் பெயருக்கு மாற்றியாயிற்றா என்று நாமே சரிபார்க்க வேண்டும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும். 2020 மார்ச்சிலிருந்து தகுந்த காரணம் இல்லாமல் அவர் மறுக்க முடியாது. தடுப்பூசிகள் முடியும்வரை நாய்கள் புழங்கும் பூங்காத் தரையில் இறக்கக் கூடாது, பார்வோ என்ற வைரஸ் நோய் பொல்லாதது. ஆனால் கையில் தூக்கிக்கொண்டு ரயில் நிலையம், பள்ளி வாசல், சந்தை என்று காட்டிவிட்டு வரலாம், வரவும் வேண்டும். காப்பீடு எடுப்பதாக இருந்தால் முதல் வெட் சந்திப்புக்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது, ஏனென்றால் "ஏற்கெனவே இருந்த நோய்" என்று ஒரு வரி எழுதப்பட்டுவிட்டால் அதற்கு அப்புறம் பணம் வராது. கவூடுலுக்கு எடுக்கும்போது இதய நோயும் முழங்கால் சில்லும் அதில் சேர்த்தியா, எவ்வளவு காத்திருப்புக் காலம் என்று அந்த இரண்டை மட்டுமாவது படித்துப் பாருங்கள். எங்களுடையதில் முழங்காலுக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது.